அகலத்திரையில் வீடியோவைச் சுற்றி வரும் கருப்புப் பட்டைகளை நீக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

21:9 மானிட்டரை (அல்ட்ராவைடு என்று சொல்லும் மிக அகலமான திரை) முதன்முதலாக மேசைமேல் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, அகலமாக எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் போட்டேன். திரையும் அகலம், படமும் அகலம், ஓரத்திலிருந்து ஓரம்வரை நிறைந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன். வந்ததோ நடுவில் தபால்தலை ஒட்டியது மாதிரி ஒரு படம். மேலே, கீழே, இடது, வலது என்று நாலு பக்கமும் கருப்பு. டிரைவரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், மானிட்டர் மெனுவில் இருந்த எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் பிளேயரில் ஒரு கீயைச் சில முறை அழுத்தியதும் படம் திரை முழுக்க விரிந்து நின்றது. அதில் ஒரு துளிகூட வெட்டுப்படவில்லை.

அந்த இரண்டு மணி நேரம் போனதற்குக் காரணம், பட்டையை யார் போட்டது என்று பார்க்காமலே அதை நீக்கக் கிளம்பியதுதான். கருப்புப் பட்டையைப் போடக்கூடியவர்கள் மூன்று பேர். வீடியோவைத் தயாரித்தவர் கோப்புக்குள்ளேயே கருப்பைச் சேர்த்திருக்கலாம். பிளேயர், படத்தின் வடிவமும் திரையின் வடிவமும் ஒத்துப்போகாததால் மிச்ச இடத்தைக் கருப்பாக விட்டிருக்கலாம். கணினியோ மானிட்டரோ தப்பான செட்டிங்கில் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் வடிவக் கணக்கு

அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவதுதான் ஆஸ்பெக்ட் ரேஷியோ. இன்றைய சாதாரண அகலத்திரை 16:9, அதாவது 1.78. பழைய தொலைக்காட்சி 4:3, அதாவது 1.33. அகலமான சினிமா 2.39. இதையே பலர் பழக்கத்தில் 2.35 என்று சொல்வார்கள். கொஞ்சம் மட்டும் அகலமான சினிமா 1.85. சமீபத்திய வெப் தொடர்கள் பலவும் 2:1-ல் வருகின்றன. லேப்டாப்களில் பரவலாக இருப்பது 16:10. அல்ட்ராவைடு மானிட்டர் 2560 × 1080 என்றால் 2.37, 3440 × 1440 என்றால் 2.39. செங்குத்தாகப் பிடித்த ஃபோன் வீடியோ 9:16.

இத்தனை வடிவங்கள் ஏன்? 1950களில் தொலைக்காட்சி வீட்டுக்குள் நுழைந்தபோது, வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தர வேண்டும் என்று சினிமா அகலமானது. சினிமாஸ்கோப் 1953-ல் வந்தது. அப்புறம் 1980களில் உயர்தரத் தொலைக்காட்சிக்கு ஒரு வடிவம் தேவைப்பட்டபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் புழக்கத்தில் இருந்த வடிவங்களை எல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் பொருத்திப் பார்த்தார். எல்லாவற்றையும் வெளியே சூழ்ந்த செவ்வகமும், எல்லாவற்றுக்கும் உள்ளே பொதுவாக இருந்த செவ்வகமும் ஏறக்குறைய ஒரே வடிவம்: 1.77. அதுதான் 16:9 ஆனது. பழைய 4:3 படத்துக்கும் அகல சினிமாவுக்கும் நடுவில் நிற்கும் வடிவம் அது. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கருப்பு விழும் என்பது 16:9 பிறந்தபோதே தெரிந்த விஷயம்.

உங்கள் திரை 1920 × 1080 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.39 படம் போட்டால் அதன் உயரம் 803 வரிகள்தான் வரும். மேலே சுமார் 138, கீழே 138 வரிகள் கருப்பு. இதற்கு லெட்டர்பாக்ஸ் என்று பெயர். 4:3 படம் போட்டால் அகலம் 1440, இரண்டு பக்கமும் 240 பிக்சல் கருப்பு. இது பில்லர்பாக்ஸ். நாலு பக்கமும் கருப்பு வந்தால் விண்டோபாக்ஸ். இந்த மூன்றாவது வகை வந்தால் சந்தோஷப்படுங்கள். பெரும்பாலும் எந்த இழப்பும் இல்லாமல் நீக்க முடிவது இதுதான்.

படி 1: டெஸ்க்டாப்பைப் பாருங்கள்

வீடியோ எல்லாவற்றையும் மூடிவிட்டு டெஸ்க்டாப்பை மட்டும் பாருங்கள். அது திரை விளிம்புவரை நிறைகிறதா? டெஸ்க்டாப்பைச் சுற்றியே கருப்பு இருந்தால் பிளேயரில் எதைத் தொட்டும் பயனில்லை. செட்டிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் ரெசல்யூஷனைப் பாருங்கள். பரிந்துரைக்கப்பட்டது என்ற குறிப்போடு இருக்கும் எண்தான் உங்கள் மானிட்டரின் சொந்த அளவு. அதைவிடக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் கிராஃபிக்ஸ் கார்டின் ஸ்கேலிங். என்விடியா கண்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப்பின் அளவையும் இடத்தையும் மாற்றும் பக்கம் ஒன்று உண்டு. அங்கே ‘நோ ஸ்கேலிங்’ தேர்ந்திருந்தால் குறைந்த ரெசல்யூஷன் படம் நடுவில் சின்னதாக நிற்கும். ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’வுக்கு மாற்றுங்கள். ஏஎம்டி என்றால் அதன் மென்பொருளில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போங்கள். ஹெச்டிஎம்ஐ-யில் இணைத்து நாலு பக்கமும் மெல்லிய கருப்பு விளிம்பு வந்தால், அங்கே உள்ள ஹெச்டிஎம்ஐ ஸ்கேலிங் ஸ்லைடரை 0-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டிலுமே ‘ஃபுல் ஸ்கிரீன்’, ‘ஃபுல் பேனல்’ என்ற தேர்வைத் தவிர்த்துவிடுங்கள். அது வடிவத்தை மதிக்காமல் இழுத்துவிடும், 4:3-ல் வந்த முகம் எல்லாம் பூசணிக்காய் ஆகிவிடும்.

மானிட்டரின் சொந்த மெனுவிலும் படத்தின் வடிவத்தை மாற்றும் ஒரு தேர்வு இருக்கும். அது 4:3-லோ 1:1-லோ நின்றுவிட்டதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 2: பட்டை கோப்புக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

டெஸ்க்டாப் சரியாக இருக்கிறது, வீடியோவில் மட்டும்தான் கருப்பு என்றால் இந்தச் சோதனை. இந்த வழிகாட்டியில் எதைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள்.

விஎல்சி என்ற பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு கண்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் விவரம் திறக்கும். அதில் வீடியோ ரெசல்யூஷன் என்ற வரியைப் பாருங்கள்.

அங்கே 1920 × 800 அல்லது 1920 × 804 என்று இருந்தால் கோப்பில் கருப்பே இல்லை. படம் மட்டும்தான் இருக்கிறது. திரையில் தெரியும் பட்டை பிளேயர் விட்ட வெற்றிடம்.

1920 × 1080 என்று இருந்து, 16:9 திரையில் மேலும் கீழும் கருப்பு தெரிந்தால், தயாரித்தவரே கருப்பு வரிகளைப் படத்தோடு சேர்த்துச் சுட்டுவிட்டார் என்று அர்த்தம். பிளேயரைப் பொறுத்தவரை அந்தக் கருப்பும் படம்தான். கருப்பு வானமா, கருப்புப் பட்டையா என்று அதற்குத் தெரியாது.

யூடியூப் என்றால் வீடியோமேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வரும் ரெசல்யூஷனை வைத்து இதே முடிவுக்கு வரலாம்.

எம்பிவி என்ற பிளேயரைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் சுலபம். முழுத்திரையிலிருந்து வெளியே வந்தால் எம்பிவி-யின் ஜன்னல் வீடியோவின் வடிவத்துக்கே தன்னை மாற்றிக்கொள்ளும். அந்தச் சின்ன ஜன்னலுக்குள்ளும் கருப்பு தெரிந்தால் அது கோப்புக்குள் இருக்கும் கருப்பு.

பட்டையின் அளவு துல்லியமாகத் தெரிய வேண்டுமா? வெளிச்சமான காட்சி ஒன்றில் நிறுத்தி, முழுத்திரையில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயிண்டில் திறந்து, மவுஸைக் கருப்பு முடிந்து படம் தொடங்கும் கோட்டில் வையுங்கள். கீழே இடது ஓரத்தில் இரண்டு எண்கள் தெரியும். இரண்டாவது எண் மேலிருந்து எத்தனையாவது பிக்சல் என்று சொல்லும். 138, 140 என்று வந்தால் 2.39 அல்லது 2.40 படம். 60 என்றால் 2:1. 21 என்றால் 1.85. இருட்டுக் காட்சியில் இந்தக் கோடு எங்கே என்று கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் வெளிச்சமான காட்சி வேண்டும் என்றேன்.

படி 3: என்ன செய்வது என்று முடிவெடுங்கள்

வழிகள் மூன்று: வெட்டுவது, இழுப்பது, அப்படியே விடுவது.

இழுப்பதைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள். வட்டமான நிலா முட்டையாகும், ஒல்லியானவர் குண்டாவார், கண் கொஞ்ச நேரத்தில் பழகியும் விடும், அதுதான் இதில் மோசம். ஒரே விதிவிலக்கு, கோப்பே தப்பான வடிவக் குறிப்போடு வந்திருப்பது. பழைய டிவிடி-யிலிருந்து எடுத்த கோப்புகளில் இது நடக்கும். 720 × 576 என்று இருக்கும் வீடியோவின் பிக்சல்கள் சதுரமானவை இல்லை. அதை 1024 × 576 அளவுக்கோ 768 × 576 அளவுக்கோ விரித்துத்தான் காட்ட வேண்டும். அந்தக் குறிப்பு விடுபட்டுப்போய் ஆட்கள் நெட்டையாகத் தெரிந்தால், விஎல்சி-யில் ஏ கீயை அழுத்திக்கொண்டே வந்து 16:9 அல்லது 4:3-ல் நிறுத்துங்கள். முகம் இயல்பாகத் தெரியும் இடம்தான் சரியான இடம்.

வெட்டுவதில்தான் யோசிக்க வேண்டியது நிறைய. சாதாரண 16:9 திரையில் 2.39 படத்தை முழுக்க நிரப்பினால் அகலத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே போய்விடும். இடது ஓரத்தில் எட்டில் ஒரு பங்கு, வலது ஓரத்தில் எட்டில் ஒரு பங்கு. எண்ணாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியலாம். ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான ஒரு மேசை, இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், நடுவில் வெறும் மரப்பலகை. இருவருக்கும் நடுவில் விழுந்துவிட்ட தூரத்தைச் சொல்லத்தான் அந்தச் சட்டகம். நிரப்பிப் பார்த்தால் இருவருக்கும் பாதி முகம், நடுவில் மேசை. படம் பெரிதாகியிருக்கும், காட்சி போயிருக்கும். சட்டகத்தின் ஓரங்களை மதிக்கும் இயக்குநரின் படத்தை நான் வெட்டிப் பார்ப்பதே இல்லை.

1.85 படம் வேறு கதை. நிரப்பினால் 4 சதவீதம்தான் போகும். கண்ணை மூடிக்கொண்டு நிரப்பலாம்.

பேட்டி, பாடம், சமையல் மாதிரி நடுவில் ஒருவர் நின்று பேசும் வீடியோக்களையும் தயங்காமல் வெட்டலாம். விளையாட்டு ஒளிபரப்பை வெட்டாதீர்கள், ஓரத்தில் இருக்கும் ஸ்கோர் போய்விடும்.

16:9 திரையில் 4:3 வீடியோவை நிரப்பினால் உயரத்தில் சரியாகக் கால் பங்கு போகும். தலைமுடியும் தாடையும் வெட்டுப்படும், கீழே எழுதிய பெயர்கள் போகும். பழைய படங்களை எடுத்தவர்கள் அந்த உயரத்தை நம்பித்தான் ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள். பக்கவாட்டுக் கருப்பை அங்கே விட்டுவிடுவதே நல்லது. செங்குத்து வீடியோவை நிரப்புவது பற்றி யோசிக்கவே வேண்டாம். மூன்று மடங்குக்குமேல் பெரிதாக்க வேண்டும், மிஞ்சுவது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

அல்ட்ராவைடு வைத்திருப்பவர்களுக்குத்தான் நல்ல செய்தி. 2.39 படத்தை மேலும் கீழும் கருப்போடு 16:9 கோப்பாகச் சுட்டிருக்கிறார்கள். உங்கள் 3440 × 1440 திரை அந்த 16:9 கோப்பை முழுசாகக் காட்ட, இடமும் வலமும் 440 பிக்சல் விடுகிறது. நாலு பக்கமும் கருப்பு வந்த கதை இதுதான். கோப்புக்குள் இருக்கும் மேல், கீழ்க் கருப்பை வெட்டினால் படம் 1.34 மடங்கு பெரிதாகித் திரையைச் சரியாக நிரப்பும். வெட்டுப்பட்டது வெறும் கருப்பு மட்டும். நான் அன்று கண்டுபிடித்தது இதைத்தான்.

அதே அல்ட்ராவைடில் உண்மையான 16:9 வீடியோவை நிரப்ப வேண்டுமென்றால் உயரத்தில் கால் பங்கு போகும். அதற்குப் பதில் வீடியோவை ஒரு பக்கமாக ஒதுக்கி, மிச்ச இடத்தில் வேறு வேலையைத் திறந்துவைப்பேன்.

படி 4: பிளேயரில் செய்வது

விஎல்சி

வீடியோ ஓடும்போது சி கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு வெட்டு அளவு மாறும், திரையில் எழுத்தாகவும் தெரியும். 16:10, 16:9, 4:3, 1.85:1, 2.21:1, 2.35:1, 2.39:1, 5:3, 5:4, 1:1 என்று போய்க் கடைசியில் பழைய நிலைக்கே வரும். வீடியோ மெனுவில் க்ராப் என்ற பட்டியலிலும் இவை இருக்கின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் திரையை நிரப்ப வேண்டும் என்றால் திரையின் வடிவம், அதாவது 16:9 திரைக்கு 16:9. கோப்புக்குள் இருக்கும் கருப்பை மட்டும் நீக்க வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் படத்தின் வடிவம், அதாவது 2.39:1 அல்லது 2.35:1. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு ‘சி அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று ஆகிறது. 1920 × 1080 கோப்பில் 16:9 என்று வெட்டினால் எதுவும் நடக்காது, அது ஏற்கெனவே 16:9தான். 16:9 திரையில் அந்தக் கோப்புக்கு 2.39:1 கொடுத்தாலும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. கோப்பின் கருப்பு போகும், அதே இடத்தில் பிளேயர் தன் கருப்பை வைத்துவிடும்.

அப்படியானால் 16:9 திரையில், கருப்போடு சுட்ட கோப்பை எப்படி நிரப்புவது? கண்ட்ரோல், ஈ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எஃபெக்ட்ஸ் ஜன்னல் திறக்கும். வீடியோ எஃபெக்ட்ஸில் க்ராப் என்ற பக்கத்துக்குப் போங்கள். மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு கட்டம் இருக்கும். மேலே 138, கீழே 138 கொடுங்கள். கருப்பு போயிற்று. இடத்துக்கும் வலத்துக்கும் தலா 246 கொடுத்தால் மீதம் இருப்பது 16:9, திரை நிறைந்துவிடும்.

பாதி வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2.39 படத்தை 2:1 வரை மட்டும் வெட்டினால் அகலத்தில் 16 சதவீதம்தான் போகும், பட்டையோ 138-லிருந்து 60 பிக்சலாகச் சுருங்கிவிடும். சின்ன லேப்டாப் திரையில் இது பெரிய வித்தியாசம். விஎல்சி-யின் பட்டியலில் 2:1 இல்லை, நாமே சேர்க்கலாம்:

1. டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்ஸஸ் திறந்து, கீழே இடது மூலையில் ‘ஆல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. இடப்பக்கப் பட்டியலில் வீடியோ என்ற தலைப்பையே கிளிக் செய்யுங்கள்.
3. வலப்பக்கம் கீழே இறங்கினால் ‘கஸ்டம் க்ராப் ரேஷியோஸ் லிஸ்ட்’ என்ற கட்டம் வரும். அதில் 2:1 என்று எழுதுங்கள். ஒன்றுக்குமேல் வேண்டுமானால் நடுவில் கமா. 3440 × 1440 திரைக்குப் பிசிறில்லாமல் பொருந்துவது 43:18. 2560 × 1080 திரைக்கு 64:27.
4. சேமித்து, விஎல்சி-யை மூடித் திறங்கள். இனி சி கீயின் சுற்றில் அவையும் வரும்.

அதே பக்கத்தில் ‘வீடியோ க்ராப்பிங்’ என்றொரு கட்டமும் இருக்கிறது. அங்கே எழுதும் அளவு எல்லா வீடியோவுக்கும் நிரந்தரமாகப் பொருந்தும். எல்லாமே ஒரே மாதிரி வீடியோ பார்ப்பவர் தவிர மற்றவர்கள் அதைத் தொட வேண்டாம். ஒரு நாள் 4:3 வீடியோ ஒன்றைத் திறப்பீர்கள், ஆட்களுக்குத் தலை இருக்காது, காரணமும் நினைவுக்கு வராது.

எம்பிவி

டபிள்யூ கீயை ஷிஃப்டோடு சேர்த்து அழுத்த அழுத்தப் படம் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். ஷிஃப்ட் இல்லாமல் அழுத்தினால் சுருங்கும். பாதி வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். படத்தைப் பார்த்துக்கொண்டே, ஓரத்தில் எது போகிறது என்று கவனித்துக்கொண்டே நிறுத்தும் இந்தச் சுகம் வேறு பிளேயரில் கிடைக்கவில்லை. இதன் பெயர் பான்ஸ்கேன். ஒன்று நினைவிருக்கட்டும்: இது பிளேயர் விட்ட வெற்றிடத்தை மட்டும்தான் நிரப்பும். கோப்புக்குள் இருக்கும் கருப்புக்கு எம்பிவி-யோடு வரும் ஆட்டோக்ராப் என்ற ஸ்கிரிப்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கருப்பு எங்கே முடிகிறது என்று தானே அளந்து வெட்டும்.

எம்பிசி-ஹெச்சி

நம்பர் பேடில் 9 அழுத்தினால் படம் பெரிதாகும், 1 அழுத்தினால் சிறிதாகும், 5 அழுத்தினால் பழைய நிலை. வியூ மெனுவில் வீடியோ ஃபிரேம் என்பதற்குள் ‘டச் விண்டோ ஃப்ரம் அவுட்சைட்’ என்று ஒரு தேர்வு உண்டு. ஒரே கிளிக்கில் நிரப்புவது அது.

மேக்கில் ஐனா என்ற பிளேயர் போதும். உள்ளே இருப்பது எம்பிவி-தான். வீடியோ மெனுவில் க்ராப் இருக்கிறது.

படி 5: பிரவுசரில் ஓடும் வீடியோ

கண்ட்ரோல், ப்ளஸ் அழுத்தி பிரவுசரைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. பக்கம்தான் பெரிதாகும், முழுத்திரை வீடியோ அப்படியே இருக்கும். இதற்கு எக்ஸ்டென்ஷன்தான் வழி, அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்னத் துணை மென்பொருள். அல்ட்ராவைடிஃபை என்பது ஃபயர்ஃபாக்ஸுக்கும் க்ரோமுக்கும் கிடைக்கிறது. யூடியூப் மாதிரித் தளங்களில் அது ஓடும் வீடியோவின் ஓரங்களைப் பார்த்து, கருப்பு எவ்வளவு என்று தானே கண்டுபிடித்துப் படத்தைப் பெரிதாக்கும்.

நெட்ஃப்ளிக்ஸ் போன்ற கட்டணத் தளங்களில் தானாகக் கண்டுபிடிப்பது நடக்காமல் போகலாம். திருட்டைத் தடுக்கும் பூட்டு போட்டு வரும் வீடியோவின் பிக்சல்களைப் படிக்க எக்ஸ்டென்ஷனைப் பிரவுசர் விடாது. எக்ஸ்டென்ஷன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். 21:9 என்று நீங்களே அளவைத் தேர்ந்தெடுத்தால் பெரிதாக்குவது மட்டும் நன்றாகவே நடக்கும்.

எந்த எக்ஸ்டென்ஷன் போட்டாலும் ஒரு காரியம் செய்யுங்கள். வீடியோவைத் தொட வேண்டும் என்பதற்காக இவை எல்லாத் தளங்களையும் படிக்க அனுமதி கேட்கும். க்ரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்துக்குப் போய், தள அனுமதியைக் குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் என்று மாற்றி, நீங்கள் படம் பார்க்கும் தளங்களை மட்டும் சேர்த்துவிடுங்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் பக்கத்தில் அதற்கு வேலையில்லை.

வெட்டியபின் வரும் இரண்டு தொல்லைகள்

முதலாவது சப்டைட்டில். தனிக் கோப்பாக வரும் சப்டைட்டிலுக்குப் பிரச்சினை குறைவு, பிளேயர் அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கும். விஎல்சி-யில் பிரிஃபரன்ஸஸ், சப்டைட்டில்ஸ் பகுதியில் ‘ஃபோர்ஸ் சப்டைட்டில் பொசிஷன்’ என்ற கட்டத்தில் பிக்சல் எண் கொடுத்து மேலே ஏற்றலாம். படத்தோடு சுட்ட சப்டைட்டில் என்றால், அதுவும் கீழ்க் கருப்புப் பட்டைக்குள் எழுதியிருந்தால், பட்டையை வெட்டும்போது எழுத்தும் போகும். மொழி புரியாத படமென்றால் பட்டையை விட்டுவிடுங்கள். வேறு வழியில்லை.

இரண்டாவது, நடுவில் வடிவம் மாறும் படங்கள். ஐமேக்ஸுக்காகச் சில காட்சிகளை மட்டும் உயரமாக எடுத்த படங்களில், பேச்சுக் காட்சி 2.39-ல் ஓடும், பெரிய சண்டை வந்ததும் மேல், கீழ்ப் பட்டைகள் விலகிப் படம் திரை முழுக்க எழும்பும். தொடக்கத்தில் பார்த்த பட்டையை நம்பி 2.39-க்கு வெட்டி வைத்திருந்தால், அந்த உயரமான காட்சியில் மேலும் கீழும் பறிபோகும். படத்தின் நாலைந்து இடங்களைத் தாவிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

படி 6: கோப்பிலிருந்தே நீக்குவது

அடிக்கடி பார்க்கும் வீடியோ, பட்டை கோப்புக்குள் சுட்டிருக்கிறது, ஒவ்வொரு முறையும் கீ அழுத்த அலுப்பாக இருக்கிறது என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். வீடியோவை மறுபடி சுட வேண்டும், அதாவது கோப்பையே புதிதாக உருவாக்க வேண்டும், தரம் கொஞ்சம் குறையும், நேரமும் பிடிக்கும்.

ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இலவசம். கோப்பைத் திறந்ததும் அது வீடியோவின் பல இடங்களில் மாதிரி எடுத்துப் பார்த்துக் கருப்பை அளந்துவைத்திருக்கும். டைமென்ஷன்ஸ் பக்கத்தில் க்ராப்பிங் பகுதியில் அந்த எண்களைப் பார்க்கலாம். நீங்கள் பெயிண்டில் அளந்ததோடு ஒப்பிடுங்கள். இருட்டான படங்களில் அது ஏமாறுவதுண்டு. இரவுக் காட்சியைப் பட்டை என்று நினைத்துவிடும். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் ‘கஸ்டம்’ தேர்ந்து நீங்களே கொடுங்கள். இரட்டைப்படை எண்ணாகக் கொடுங்கள், 138 சரி, 137 வேண்டாம். வீடியோவின் நிறத் தகவல் இரண்டிரண்டு பிக்சலாகத்தான் சேமிக்கப்படுகிறது.

அப்புறம் வீடியோ பக்கத்தில் தர எண்ணைப் பாருங்கள். 1080 வரி வீடியோவுக்கு 20 முதல் 24 வரை என்பது வழக்கமான அளவு. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். நான் 20-ல் வைப்பேன். பிரிவ்யூ பார்த்து, ஓரங்களில் மெல்லிய கருப்புக் கோடு மிஞ்சவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தொடங்குங்கள். புதுக் கோப்பை முழுக்க ஓட்டிப் பார்க்கும்வரை பழைய கோப்பை அழிக்காதீர்கள்.

எம்கேவி கோப்பு என்றால் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் இன்னொரு வழி இருக்கிறது. மறுபடி சுடாமல், ‘இத்தனை பிக்சலை வெட்டிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் கோப்பில் எழுதிவிடலாம். தரம் துளியும் குறையாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் எல்லா பிளேயரும் அந்தக் குறிப்பை மதிப்பதில்லை. உங்கள் பிளேயர் மதிக்கிறதா என்று ஒரு சின்னக் கோப்பில் முயன்று பாருங்கள்.

நீங்களே வீடியோ தயாரிப்பவர் என்றால் ஒரு வேண்டுகோள். அகலமாகத் தெரிய வேண்டும் என்று 16:9-க்குள் கருப்புப் பட்டையை வரைந்து வெளியிடாதீர்கள். எடிட்டரில் டைம்லைன் அளவையே 2560 × 1080 என்று வைத்து, அப்படியே ஏற்றுமதி செய்து பதிவேற்றுங்கள். 16:9 திரையில் யூடியூப் தானே தேவையான கருப்பை வைத்துக்கொள்ளும். அல்ட்ராவைடு வைத்திருப்பவர் முழுத்திரையில் பார்ப்பார். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டரில் இப்படி டைம்லைனை மாற்றினால் 16:9 காட்சிகளுக்கு இரு பக்கமும் கருப்பு வரும். புராஜெக்ட் செட்டிங்ஸில் இமேஜ் ஸ்கேலிங் பகுதிக்குப் போய், அளவு ஒத்துப்போகாத கோப்புகளுக்கு ‘ஸ்கேல் ஃபுல் ஃபிரேம் வித் க்ராப்’ என்று மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு ஷாட்டையும் மேலும் கீழும் நகர்த்தி, தலை எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பட்டையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தால்

பல பேருக்குப் பட்டை இருப்பது தொல்லையில்லை, அது கருப்பாக இல்லாததுதான் தொல்லை. இருட்டு அறையில் ஐபிஎஸ் வகைத் திரையுள்ள மானிட்டரின் பட்டையைப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் மினுங்கும். பின்னால் எரியும் விளக்கை அந்தத் திரையால் முழுக்க மறைக்க முடியாது. பொதுவாக ஐபிஎஸ்-ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1000-க்கு 1 அளவில் இருக்கும், விஏ வகைத் திரைகளில் 3000-க்கு 1 அளவில் கிடைக்கும். ஓஎல்இடி-யில் கருப்பு பிக்சல் எரியவே எரியாது, பட்டை அறையின் இருட்டோடு கரைந்துவிடும்.

திரையை மாற்றாமலே செய்ய முடிவது இரண்டு. மானிட்டரின் வெளிச்சத்தைப் பகலில் வேலைக்கு வைத்த அளவிலேயே விட்டுவிட்டு இரவில் படம் பார்க்காதீர்கள், பாதிக்குக் கீழே இறக்குங்கள். சாம்பலும் அதே அளவுக்கு இறங்கும். அப்புறம் மானிட்டருக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, மங்கலான வெள்ளை விளக்கு ஒன்றை வையுங்கள். ஒளி கண்ணில் நேராகப் படக் கூடாது, திரையிலும் விழக் கூடாது. சுவர் லேசாக ஒளிர்ந்ததும் எதிரே இருக்கும் சாம்பல் பட்டை கண்ணுக்குக் கருப்பாகத் தெரியத் தொடங்கும். விளக்கை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் அங்கேயே தெரியும்.